மே மாதம் பாய்மரப் படகு ஓட்ட எந்தக் கடற்கரை? இரண்டு கோடை அலைந்த வேலூர்க்காரனின் கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கடலோரத்தில் வளர்ந்தவன் இல்லை. வேலூர் சத்துவாச்சாரி. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நம்ம ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டே (சாமி இல்லாத கோவில் என்றும் சேர்ப்பார்கள், 1981ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோவிலுக்குத் திரும்பி வந்ததிலிருந்து அது மட்டும் செல்லாது), அதில் முதல் வரி பெரும்பாலான நாளில் இன்றைக்கும் உண்மைதான். பாலாற்றில் தண்ணீர் வந்தால் குடும்பத்தோடு பாலத்துக்குப் போய் வேடிக்கை பார்க்கிற ஜனங்கள் நாங்கள். அப்படிப்பட்டவன் பாய்மரப் படகைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம் என் பையன். விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்தவர், ராணுவ வீரர், பாய்மரப் படகில் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக் போனவர், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கியவர். இதை எங்கேயோ படித்துவிட்டு, "அப்பா, நம்ம ஊர்க்காரரே ஓட்டுறாரு, நாம ஒரு தடவை ஏறிக்கூடப் பாக்கலையே" என்று ஆரம்பித்தான். கத்திரி வெயிலில் 42 டிகிரியில் மொட்டை மாடித் தண்ணீர் கொதிக்கும்போது கடல் என்ற சொல்லே குளிர்ச்சியாகத்தான் இருந்தது, நானும் சரி என்றேன்.

இரண்டு கோடைகள், ஏழு இடங்கள். சிலவற்றில் ஏறினோம், சிலவற்றில் பார்த்துவிட்டுத் திரும்பினோம், ஓரிடத்தில் ஏமாந்தோம். அந்த ஏமாந்த கதைதான் மற்ற எல்லாவற்றையும் எனக்குப் புரியவைத்தது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் வருடம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் இடம். பெயர் வேண்டாம். போனில் பேசி, ஆளுக்கு 1,500 ரூபாய் வீதம் முன்பணம் கட்டி, காலை ஒன்பதரை மணிக்கு நேரம் வாங்கிக்கொண்டு, விடிவதற்குள் வேலூரை விட்டுக் கிளம்பி, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகப் போய்ச் சேர்ந்தால், கடல் கண்ணாடி மாதிரி கிடக்கிறது. அலை உண்டு, காற்று இல்லை. பாய் ஈரத் துணி மாதிரித் தொங்குகிறது. படகுக்காரப் பையன் கொஞ்ச நேரம் கயிற்றை இப்படி இழுத்தான், அப்படி இழுத்தான், கடைசியில் மோட்டார் படகைக் கூப்பிட்டு எங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டு இறக்கிவிட்டான். என் பெண்ணுக்குக் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டில் ஒரு பக்கிள் உடைந்திருந்தது, அதைச் சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பணத்தைக் கேட்டால், "காத்துக்கு நாங்க என்ன சார் பண்ண முடியும்?" என்றார் அங்கிருந்தவர். என் மச்சான் ஆரணிக்காரன், சும்மா இருப்பானா? "காத்து வராத நேரத்துல எதுக்குபா டிக்கெட் குடுக்கறீங்கோ?" என்று கேட்டான். பதில் இல்லை.

ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி. கோடையில் நம்ம பக்கத்துக் கடற்கரையில் காற்றுக்கு ஒரு டைம்டேபிள் இருக்கிறது. ராத்திரி முழுக்கத் தரை குளிர்ந்து, விடியற்காலையில் கரையிலிருந்து கடலைப் பார்த்து லேசான காற்று போகும். எட்டு, ஒன்பது மணிக்கு அது செத்துவிடும். வெயில் ஏறத் தரை கொதிக்கும், கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது, தரைமேல் சூடான காற்று மேலே கிளம்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். ஏப்ரல், மே மாதத்தில் பெரும்பாலும் உச்சிவேளைக்கு மேல்தான் இது பிடிக்கும், மூன்று நான்கு மணிக்கு நல்ல வேகம் எடுக்கும். சென்னைக்காரர்கள் மாலையில் பீச்சில் உட்கார்ந்து அனுபவிக்கிற அதே கடற்காற்றுதான். சில நாள் அது இருட்டிய பிறகு நம்ம பக்கம் வரை ஏறி வந்து இடி மழையைக் கிளப்பிவிடும், அதையும் பார்த்திருக்கிறோம். ஆக, ஒன்பதரை மணிக்குப் பாய்மரப் படகுக்கு டிக்கெட் கொடுப்பவர் ஒன்று தெரியாதவர், இல்லை தெரிந்தே கொடுப்பவர். நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் முதல் கேள்வியாக "மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல நேரம் இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அங்கே படகு இருக்கலாம், பாய் ஓட்டம் இருக்காது.

இன்னொன்று, இது அதைவிட முக்கியம். பள்ளி விடுமுறை ஜூனுக்குத் தள்ளிப்போனால் அப்போது போகலாம் என்று நினைக்காதீர்கள். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று வந்ததும் மேலைக்காற்று பலமாகிவிடும், மீனவர்கள் கச்சான் என்பார்கள். கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. கடற்காற்று பிடிக்க மூன்று மணியும் ஆகும், சில நாள் பிடிக்காமலே போகும். கரையில் நின்று பார்த்தால் கடல் அமைதியாகத் தெரியும், அலையே இருக்காது, அதுதான் ஆபத்து. கற்றுக்குட்டி ஒருவன் அதில் இறங்கினால் போவது சுலபம், திரும்பி வருவதற்குக் காற்றை எதிர்த்து வர வேண்டும். பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போகவே போகாது, கிட்டத்தட்ட 45 டிகிரி சாய்வில் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்துதான் ஏற முடியும். அது புதுசாய் ஏறியவனுக்கு வராது. கிழக்குக் கரை என்றால் ஏப்ரல் கடைசியிலிருந்து மே மூன்றாம் வாரம் வரை, அவ்வளவுதான் என் கணக்கு.

சரி, இடங்கள்.

கோவளம். வேலூரிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர், அதிகாலையில் கிளம்பினால் மூன்றரை மணி நேரம். சுத்தமான கடற்கரை, 2021ல் நீலக்கொடிச் சான்று (சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குத் தருகிற உலகச் சான்று) வாங்கியது, தமிழ்நாட்டில் முதலில் வாங்கியதே இதுதான். நமக்கு இதில் ஒரு பழைய உறவும் உண்டு, இந்த ஊரைத் துறைமுகமாக வளர்த்தது கர்நாடக நவாப், அதாவது நம்ம ஆற்காட்டு நவாப். ஆற்காடு முற்றுகை முடிந்த மறுவருடம், 1752ல், கிளைவ் வந்து கோவளத்துக் கோட்டையைப் பிடித்தார். மக்கன் பேடா டப்பாவைப் பிரித்துக்கொண்டே பையனிடம் இதைச் சொன்னேன், அவன் கவனிக்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது அலைச்சறுக்குப் பையன்களை. கோவளத்தின் உயிர் அலைச்சறுக்குதான், அதற்கு நான் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். பாய்மரத்துக்கு? இங்கேதான் நான் கற்றுக்கொண்ட இரண்டாவது பாடம். சென்னையிலிருந்து தெற்கே கோடியக்கரை வரை நம்ம கரை முழுக்கத் திறந்த கடல், தடுப்புத் தீவு கிடையாது, அலை நேராகக் கரையில் வந்து உடையும். அந்த உடையும் அலையைத் தாண்டி ஒரு சின்னப் பாய்மரப் படகை வெளியே கொண்டுபோவதே பெரிய வித்தை. கட்டுமரம் என்ற ஒன்றை நம்மவர்கள் கண்டுபிடித்ததே அதற்காகத்தானே. மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டினால் அலை மேலே ஏறினாலும் இடுக்கு வழியாக வழிந்துவிடும், முழுகாது. அந்தப் பெயரைத்தான் வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு இன்றைக்கு இரட்டை உடல் படகுக்கெல்லாம் வைத்திருக்கிறான். ஆக, அலை அழகாக உடைகிற பீச்சைப் பார்த்ததும் "ஆஹா" என்று மயங்கினால் அது பாய்மரத்துக்கு ஆகாத இடம் என்று அர்த்தம். உங்களுக்கு வேண்டியது துறைமுகச் சுவர், கழிமுகம், உப்பங்கழி, விரிகுடா, இதில் ஏதாவது ஒன்று.

அப்படி யோசித்துத்தான் முட்டுக்காடு போனோம், கோவளத்துக்குப் பக்கத்திலேயே. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம், 1984லிருந்து இருக்கிறது. துடுப்புப் படகு, மிதி படகு, மோட்டார் படகு எல்லாம் உண்டு. மாமியாரை மோட்டார் படகில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு அனுப்ப இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் நாங்கள் தேடி வந்த பாய் ஓட்டம் அதில்லை. என் பெண்ணுக்கு ஏழு இடத்திலும் பிடித்தது இதுதான் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும், மிதி படகு அவளே ஓட்டினாள்.

பழவேற்காட்டுக்கும் போனோம். சிலிகாவுக்கு அடுத்தபடி நாட்டின் பெரிய உப்புநீர் ஏரி, தண்ணீர் அமைதி, காற்று தாராளம், மீனவர்கள் பாய் விரித்து ஓட்டுவதை நான் கண்ணாலேயே பார்த்தேன், மனசு துள்ளியது. ஆனால் ஏறவில்லை, நீங்களும் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றிப்பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள், அதன் பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றுவதற்கு அங்கே தடை. யாராவது கரையில் மெல்ல வந்து "அண்ணே, ஒரு ரவுண்டு போலாமா, ஜாக்கெட் எல்லாம் இருக்கு" என்பார்கள். டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தில் அந்தச் செதுக்கு வேலையைப் பாருங்கள், ஏரியைக் கரையிலிருந்தே பாருங்கள், திரும்புங்கள்.

இப்போது நிஜமாகவே நன்றாக இருந்த இடத்துக்கு வருகிறேன், அது யாரும் எதிர்பார்க்காத இடம், சென்னைத் துறைமுகம். கன்டெய்னர் கப்பல் நிற்கிற இடத்தில் என்ன உல்லாசம் என்று என் மனைவிகூடக் கேட்டாள். பெரிய சுவர் எழுப்பி அலையைத் தடுத்து வைத்திருக்கிறார்கள், உள்ளே தண்ணீர் அசையாது, ஆனால் மத்தியானக் கடற்காற்று சுவரைத் தாண்டி வரும். காற்று வேண்டும், அலை வேண்டாம் என்பவனுக்கு வேறென்ன வேண்டும்? ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911லிருந்து இங்கேதான் இருக்கிறது. ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மர வீராங்கனை நேத்ரா குமணன் ஆரம்பித்ததும் சென்னையில் ஒரு கோடை முகாமில்தான். இரண்டாவது வருடம் பையனை இந்த மாதிரி ஒரு கோடைப் பயிற்சியில் சேர்த்தோம், பெரம்பூரில் என் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டோம், அதனால் தங்குகிற செலவு மிச்சம், ஆனால் அக்கா வீட்டில் ஒரு வாரம் தங்குவதற்கு வேறு விதமான செலவு உண்டு, அது குடும்பஸ்தர்களுக்குத் தெரியும்.

பயிற்சி எப்படி என்றால், முதலில் நீச்சல் தெரியுமா என்று பார்த்தார்கள். தெரியாவிட்டால் சேர்க்க மாட்டார்கள், இது நல்ல அடையாளம், நீச்சலைப் பற்றியே கேட்காத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். பிறகு ஆப்டிமிஸ்ட் என்ற குட்டிப் படகு. இரண்டேகால் மீட்டர் நீளத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரே பாய், மூக்கு தட்டையாக, பார்த்தால் சோப்பு டப்பா மாதிரி இருக்கும், உலகம் முழுக்கப் பதினைந்து வயது வரை பிள்ளைகள் போட்டி போடுவது இதில்தான். அதில் ஏற்றி முதல் வேலையாகக் கவிழ்க்கச் சொன்னார்கள். வேண்டுமென்றே கவிழ்த்து, தானே நிமிர்த்தி, தண்ணீரை இறைத்து, திரும்ப ஏற வேண்டும். என் மனைவி கரையில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பையன் தனியாகச் சுக்கானைப் பிடித்தான். பாய்க்கயிற்றை (மீனவர் பேச்சில் தாமான்) எப்போது இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பது கைக்கு வந்துவிட்டது. பயந்தால் கயிற்றை விட்டுவிடு, படகு தானாக நின்றுவிடும் என்று ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார்கள். பைக் ஓட்டுகிறவன் பிரேக்கைப் பிடிப்பான், இதில் கையை விடுவதுதான் பிரேக், இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. துறைமுகத்துக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும், ஆதார் நகல், போட்டோ, வாசலில் காத்திருப்பு. மூன்று மணி வெயிலில் பெற்றோர் உட்கார நிழல் குறைவு. தண்ணீரில் டீசல் வாசனை. கடற்கரை விடுமுறை என்று போட்டோ போட ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளைக்குப் பாய் ஓட்டத் தெரிய வேண்டும் என்றால், வேலூரிலிருந்து ரயில் ஏறி இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேருகிற இடத்தில் இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் அந்த நிழலுக்காகக் குறைத்தேன்.

நாங்களும் ஏற வேண்டும், குடும்பமாக ஒரு சாயங்காலம் கடலில் போக வேண்டும், சொல்லிக்கொடுப்பதெல்லாம் வேண்டாம் என்றால் புதுச்சேரி. ஆரணி, சேத்துப்பட்டு, செஞ்சி, திண்டிவனம் என்று நாலு மணி நேரம், வழியில் செஞ்சிக் கோட்டையைப் பார்த்தாலே போதும், பாதி விடுமுறை வசூல். சுண்ணாம்பாறு படகு இல்லத்திலிருந்து கழிமுகம் வழியாக பாரடைஸ் பீச்சுக்குப் போகிற மோட்டார் படகு எல்லோருக்கும் தெரியும். கூட்டம் தாங்காது, மே மாத ஞாயிற்றுக்கிழமை என்றால் போகவே போகாதீர்கள். அதை விட்டுவிட்டு, ஐந்தாறு பேர் உட்காருகிற பாய்மரப் படகில் மாலையில் கூட்டிப்போகிற தனியார் சிலர் உண்டு, நாங்கள் அப்படி ஒன்றில் போனோம். நாலு மணிக்கு ஆற்றிலிருந்து கிளம்பி, முகத்துவாரத்தைத் தாண்டும்போது மட்டும் மோட்டார் (அங்கே மணல் அடிக்கடி சேர்ந்துவிடும், படகுக்காரர் முகம் அப்போது மட்டும் சுருங்கியது), பிறகு அதை அணைத்துவிட்டுப் பாயை ஏற்றினார். அந்த நிமிடம். மோட்டார் சத்தம் நின்றதும் தண்ணீர் படகின் அடியில் சலசலவென்று போகிறது, படகு ஒரு பக்கம் சாய்ந்து தானாக ஓடுகிறது, மச்சான்கூட வாயை மூடிக்கொண்டான். தென்கிழக்குக் காற்று பக்கவாட்டில் வந்ததால் போகவும் வரவும் வளைந்து ஏற வேண்டியிருக்கவில்லை, இதுதான் அந்தக் கரையில் மே மாத மாலையின் வசதி. என் மனைவிக்கு மட்டும் வாந்தி. வெறும் வயிற்றோடும் ஏறக்கூடாது, பிரியாணி சாப்பிட்டும் ஏறக்கூடாது, இரண்டு இட்லிதான் கணக்கு.

கடைசியாக ராமேசுவரம். தூரம் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். காட்பாடியிலும் வேலூர் கண்டோன்மென்டிலும் நிற்கிற திருப்பதி–ராமேசுவரம் ரயில் இருப்பதால் அலுப்பு தெரியவில்லை. அங்கே ஒரு தீவுக்கு இரண்டு கடல், வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, உள்ளூரில் பெண் கடல், ஆண் கடல் என்பார்கள். மே முதல் செப்டம்பர் வரை தெற்குக் காற்று அடிக்கும், அப்போது தெற்கே கடல் கொந்தளிக்கும், வடக்கே தீவே சுவர் மாதிரி நின்று அலையைத் தடுத்துவிடும். டிசம்பரில் வாடைக்காற்று வந்தால் அப்படியே தலைகீழ். எந்த மாதம் போனாலும் ஒரு பக்கம் அமைதி கிடைக்கிற இப்படி ஒரு ஊரை இந்தக் கரையில் நான் வேறெங்கும் பார்க்கவில்லை. பட்டம் கட்டிக்கொண்டு பலகையில் பறக்கிற வெளியூர்க்காரர்கள் இதற்காகவே வந்து குவிகிறார்கள். ஆனால் காற்று எங்களுக்கு ரொம்ப அதிகம். 10 முதல் 12 நாட் (கடலில் வேகத்தை அளக்கிற கணக்கு) என்றால் கற்றுக்கொள்கிறவனுக்குச் சுகம், நாங்கள் போன நாள் 20 நாட் இருக்கும், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர், பையனை ஏற்ற மறுத்துவிட்டார் படகுக்காரர். "தம்பி, ரெண்டு வருஷம் ஓட்டிட்டு வா, நானே ஏத்துறேன்" என்றார். அவருக்கு நாங்கள் காசு கொடுக்கவே இல்லை, ஆனால் நான் பார்த்த ஏழு இடத்திலும் முழு மதிப்பெண் அவருக்குத்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு, எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் எழுந்த அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று வந்து கரையேறும். 2024 மே மாதத் தொடக்கத்தில் நம்ம கரைக்கே எச்சரிக்கை விட்டார்கள். அந்த அறிவிப்பு இருந்தால் முன்பணம் போனாலும் போகட்டும்.

அப்புறம் சாப்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகில் வருவது மட்டும்தான் சந்தைக்கு, வஞ்சிரம் விலையைக் கேட்டால் ஆம்பூர் பிரியாணியே மேல் என்று தோன்றும். காற்றுக்காக நாம் போகிற அதே மாதங்கள்தான், வேறு வழியில்லை. அடுத்த மே முதல் வாரம் பையனுக்கு இரண்டாம் கட்டப் பயிற்சி, அக்காவிடம் சொல்லியாகிவிட்டது. மச்சான் மட்டும் வரவில்லையாம். மீன் குழம்பு இல்லாத கடற்கரைக்கு எதற்கு வர வேண்டும், அதற்கு நம்ம குடியாத்தம் பக்கத்து மோர்தானா அணையில் ஒரு பாயைக் கட்டுங்கள் என்கிறான்.